பதிமூணு நிமிஷம் எங்கே, புரொபசர்?

"ஆ...!"

மெட்டீரியல் டெஸ்டிங் லேபிலிருந்து வந்தது அந்த அலறல்.

மணி காலை ஒன்பது இருபது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் இருந்தது அந்த எஞ்சினியரிங் கல்லூரி. வாசலில் பேனர். 'சர்வதேசப் பொருள் சோதனை மாநாடு 2007'. ஏழு நாடுகளிலிருந்து வந்திருந்த அறிஞர்கள் டைனிங் ஹாலில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்பு எத்தனை டன்னில் அறுந்துபோகும், கான்கிரீட் எத்தனை டன்னில் நொறுங்கும் என்று துல்லியமாய்ச் சொல்லத் தெரிந்தவர்கள்.

மெதுவடையில் ஓட்டை எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை.

காரிடாரில் நடந்துகொண்டிருந்த ஜெயப்ரியா அலறலைக் கேட்டு ஓடினாள். ஆராய்ச்சி மாணவி. லேப் கதவைத் தள்ளினாள்.

உறைந்தாள்!

தரையில் டாக்டர் தேவானந்தம்! துறைத்தலைவர். மாநாட்டுத் தலைவர். அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் அவர்தான். கோட், டை, பளபளக்கும் ஷூவோடு மல்லாந்து கிடந்தார். நெற்றியிலிருந்து கன்னம் வரை ரத்தம்!

"சார்! என்னாச்சு சார்?"

"யாரோ... கதவு பின்னாடி ஒளிஞ்சிருந்து... இரும்பு பைப்பால..."

"யாரு சார்?"

"முகம் தெரியல... புடவை... மீன் வாசனை..."

ஜெயப்ரியாவின் பார்வை சுழன்றது. மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் ட்ரே.

காலி!

"சார்... கயிறு?"

"எடுத்துட்டு ஓடிட்டாங்கம்மா!" என்று சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார் புரொபசர்.

இருபதே நிமிடத்தில் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் இளமாறன் இறங்கினார். பின்னாலேயே கான்ஸ்டபிள் குப்புராஜ்.

"கொலையா?"

"இல்ல சார். கயிறு காணோம்" என்றாள் ஜெயப்ரியா.

இளமாறன் குப்புராஜைப் பார்த்தார். குப்புராஜ் வானத்தைப் பார்த்தார்.

"ஏம்மா... கயிறு காணோம்னா கடைக்குப் போகணும். ஸ்டேஷனுக்கா போன் பண்றது?"

"சாதாரணக் கயிறு இல்ல சார். ஒரு ஆளோட தாடையை உடைச்ச கயிறு!"

இளமாறன் தொப்பியைக் கழற்றினார்.

"சொல்லுங்க."

லேபுக்கு அழைத்துப் போய்க்கொண்டே ஜெயப்ரியா சொன்னாள்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பத்து நாள் முன்னால் படகைக் கரைக்கு இழுக்கும்போது புத்தம்புது நைலான் கயிறு அறுந்தது. அறுந்த முனை எகிறி வந்து வடிவேலு என்பவரின் முகத்தில் அடித்தது. தாடை தூள். அவர் மனைவி பாப்பா மீன் விற்பவள். மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டாள்.

"ஏன் இங்க?"

"அந்தக் கயிறு 'முரட்டுமீன்' பிராண்டு சார். மூணு டன் வரைக்கும் தாங்கும்னு சர்டிபிகேட் கொடுத்ததே இந்த லேப்தான். இன்னிக்குப் பதினோரு மணிக்கு, எல்லார் முன்னாடியும் அந்தக் கயிறை மெஷின்ல மாட்டி இழுத்துக் காட்டறதா புரோகிராம்."

"யாரு போட்ட புரோகிராம்?"

"நான்தான் சார்" என்றாள் மெல்லிய குரலில். "புரொபசரைக் கேக்காம போட்டுட்டேன். அச்சான புக்லெட்டைப் பார்த்துட்டு இன்னிக்குக் காலையில செம திட்டு."

அப்போது டை கட்டிய இளைஞன் ஒருவன் உள்ளே புகுந்தான்.

"சார், ஐயாம் ஸ்டெபின். முரட்டுமீன் கம்பெனி சேல்ஸ் மேனேஜர். மாநாட்டுக்கு ஸ்பான்சரே நாங்கதான். திருடினது அந்த மீன்காரம்மாதான் சார். நோ டவுட்!"

"அவங்க கயிறை அவங்களே எதுக்குத் திருடணும்?"

ஸ்டெபின் சிரித்தான். ஷாம்பு விளம்பரத்தில் வருகிற சிரிப்பு.

"மெஷின்ல மாட்டினா அறுந்துபோகாதுன்னு அவங்களுக்குத் தெரியும் சார்! கயிறு நிக்கும். நஷ்டஈடு கோவிந்தா. அதான் புரொபசர் மண்டையில போட்டுட்டு, கயிறைத் தூக்கிட்டாங்க."

இளமாறன் மோவாயைத் தடவினார். பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே...!

"குப்புராஜ்! அந்தம்மாவைத் தேடு!"

தேட வேண்டியிருக்கவில்லை.

டைனிங் ஹாலில் இரண்டு ஜெர்மானியர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் பாப்பா. கழுத்தில் அடையாள அட்டை.

'டாக்டர் பாப்பா. ருமேனியா.'

குப்புராஜ் இரண்டு தரம் படித்தார். அப்படியே லேபுக்கு அழைத்துவந்தார்.

"இது என்னம்மா கழுத்துல?" என்று இளமாறன் அட்டையைக் காட்டினார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? வாசல்ல ரமான்னு ஒரு பொண்ணு குந்திகினு இருந்துச்சு. பேரு இன்னான்னுச்சு. பாப்பான்னேன். லிஸ்டுல பாத்துட்டு, 'அப்பாடா, வந்துட்டீங்களா டாக்டர்'னு இத்த மாட்டி வுட்டுது. துண்ணுட்டு வாங்கன்னுச்சு. துண்ணேன். தப்பா?"

"காலையில இந்த ரூமுக்கு வந்தீங்களா?"

"நானா? எட்டு மணிலேர்ந்து துண்ணுகினுதான் கீறேன். அந்த வெள்ளக்காரங்கள கேளு. மூணு தபா சட்னி வாங்கிக் குட்த்தானுங்க."

"பொய்!"

நாற்காலியில் சாய்ந்திருந்த தேவானந்தம் சீறினார். நெற்றியில் கர்ச்சீப். மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கோட்டுக்குள் வியர்வை வெள்ளம்.

"இதே வாசனைதான் இன்ஸ்பெக்டர்! அரெஸ்ட் ஹெர்!"

பாப்பாவின் முகம் மாறியது.

"நானு அட்ச்சனா? சார், என் வூட்டுக்காரரு ஜீ.எச்.ல படுத்துனு கீறாரு. வாய கம்பி வெச்சுக் கட்டி கீறாங்க. பதினெட்டு வருசமா வாய மூடாத மன்சன். இப்ப கண்ணாலயே பேசுறாரு. பேஜாரா கீது சார். அந்தக் கவுறு அறுந்துச்சுன்னு இங்க ரூஜுவானா, குப்பத்துல மீதி முப்பது போட்லயும் மாத்திடுவாங்கோ. அதுக்குத்தான் நாயா அலையறேன். அத்தப் போயி நானே திருடுவனா?"



"காயத்துக்கு மருந்து போட்டுடலாம் சார்" என்று முதலுதவிப் பெட்டியோடு வந்தாள் ஜெயப்ரியா. கர்ச்சீப்பை விலக்கினாள். பஞ்சால் ரத்தத்தைத் துடைத்தாள்.

பாப்பா எட்டிப் பார்த்தாள்.

இன்னும் கிட்டே வந்தாள்.

"அய்ய... இன்னா சார் இது?"

"என்ன?" என்றார் இளமாறன்.

"பைப்புல அட்ச்சா இப்பிடியா வரும்? நல்லா பாரு சார். முறுக்கு முறுக்கா தடம் வுய்ந்து கீது. மூணு புரி. இது கவுறு அட்ச்ச அடி! என் வூட்டுக்காரரு மூஞ்சிலயும் அச்சு அசலு இதே கோலந்தான்!"

இளமாறன் குனிந்தார். நெற்றியிலிருந்து கன்னம் வரை ஓடியது சிவப்புக் கோடு. சடை பின்னியது போல!

"நான்சென்ஸ்!" தேவானந்தம் கத்தினார். "மீன் விக்கறவளுக்கு என்ன தெரியும்?"

ஜெயப்ரியா மெஷினைப் பார்த்தாள். இரண்டு ஆள் உயர இழுவை மெஷின். சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு. சோதனையின்போது கூண்டுக் கதவு மூடியிருக்க வேண்டும் என்பது இந்த லேபின் முதல் விதி.

இப்போது கதவு திறந்திருந்தது.

பக்கத்தில் கம்ப்யூட்டர்.

அவள் அதன் முன்னால் போய் நின்றாள். நாலு வருட ஆராய்ச்சி. கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கைதான்...

பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயப்ரியா மவுஸைப் பிடித்தாள்.

"ஜெயப்ரியா! டோன்ட் டச்!"

தொட்டுவிட்டாள்.

திரையில் ஒரு கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போய், செங்குத்தாய் விழுந்தது.

"இன்ஸ்பெக்டர் சார்..." என்றாள் ஜெயப்ரியா. "இன்னிக்குக் காலையில ஒரு டெஸ்ட் நடந்திருக்கு. ஒன்பது ஏழுக்கு. அறுநூத்தி நாப்பது கிலோவுல அறுந்திருக்கு."

"மூணு டன்னுன்னு சொன்னீங்க?"

"சர்டிபிகேட் சொல்லுது சார். மெஷின் வேற சொல்லுது."

"இதை யாரு சேவ் பண்ணினது?"

"யாரும் பண்ண வேண்டாம் சார். இழுத்து முடிச்சா மெஷினே சேவ் பண்ணிக்கும்."

இளமாறன் மெதுவாகத் திரும்பினார்.

"புரொபசர் சார்... கயிறு அறுந்தது ஒன்பது ஏழு. நீங்க அலறினது ஒன்பது இருபது. நடுவுல பதிமூணு நிமிஷம். எங்க சார் போச்சு?"

"நான்... மயக்கத்துல..."

"மயக்கத்துலேர்ந்து எழுந்து, அறுந்த கயிறை மெஷின்லேர்ந்து கழட்டி, ஒளிச்சு வெச்சுட்டு, மறுபடி படுத்துக்கிட்டு அலறினீங்களா?"

"அபாண்டம்! எங்க ஒளிச்சேன்? தேடிக்குங்க!"

இளமாறன் அவரை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் வழிந்த வியர்வை டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆகஸ்ட் மாசம். தாம்பரத்து வெயில். நானே சட்டையைக் கழட்டிடலாமான்னு பார்க்கறேன். நீங்க மட்டும் கோட்டுல மூணு பட்டனும் போட்டிருக்கீங்க. கொஞ்சம் கழட்டுங்க சார்."

"முடியாது!"

"குப்புராஜ்!"

குப்புராஜ் அவரை எழுப்பி நிறுத்திக் கோட்டைக் கழற்றினார்.

புரொபசரின் தொப்பையைச் சுற்றி, பெல்ட்டுக்கு மேலே, இரண்டு சுற்று நீல நைலான் கயிறு! முனைகள் பிய்ந்து பஞ்சு பஞ்சாய்த் தொங்கின.

"அட கஸ்மாலமே!" என்றாள் பாப்பா.

தேவானந்தம் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். 

"நாலு வருஷமா சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன் இன்ஸ்பெக்டர். இந்த மெஷினே அவங்க கம்பெனி இலவசமா கொடுத்தது. கொடுத்தவங்க நீட்டின பேப்பரைத் திருப்பிக் கேள்வி கேக்க வாய் வரல. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் டெஸ்டுன்னு புக்லெட்ல பார்த்ததும் பயந்துட்டேன். முதல்ல நானே இழுத்துப் பார்த்துடலாம், நின்னுட்டா பிரச்சினை இல்லன்னு நினைச்சேன். இன்னும் அறுந்துபோகலியேன்னு கூண்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்..."

"அது எட்டி அடிச்சிடுச்சு" என்றார் இளமாறன்.

தேவானந்தம் தலையை ஆட்டினார். பாப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாப்பா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் சார்... உனுக்கு ஒரு அடி. ஒரு கோடு. என் வூட்டுக்காரருக்குத் தாடையே பூட்ச்சு. அடி வாங்கி எய்ந்த பொறவாவது உனுக்கு அந்த மன்சன் நெனப்பு வரலியா? என்னயப் புடிச்சு உள்ள தள்ளப் பாத்தியே!"



அவள் சடாரென்று இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், உன் செல்போனக் குடு! மதியானம் போட்டுங்கல்லாம் கெளம்பிடும்!"

கேட்டது தெரிந்தது. எப்போது பறித்துக் குப்பத்துக்குப் போன் போட்டாள் என்பதுதான் இளமாறனுக்குத் தெரியவில்லை.

"டேய் சேட்டு! அக்கா பேசறேன். ஒருத்தனும் போட்ட எறக்காதீங்கடா. நீலக் கவுற எல்லாம் அவுத்துக் கடாசுங்க! யார் சொன்னதா? மெஷினே சொல்லிச்சுடா, மெஷினு!"

ஸ்டெபின் கதவை நோக்கி ஓசையில்லாமல் நழுவினான். குப்புராஜின் தொப்பை குறுக்கே வந்தது.

"எங்க தம்பி?"

"சார், இது ஃபேர் இல்ல! அது வெயில்லயும் உப்புத் தண்ணியிலயும் கெட்டுப்போன கயிறு. எங்க ஃப்ரெஷ் கயிறு மூணு டன் தாங்கும். பெட்!"

"அப்படியா?" இளமாறன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணி டெஸ்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. வெளிய உங்க ஸ்டால்ல புதுக் கயிறு கட்டுக் கட்டா அடுக்கி வெச்சிருக்கீங்களே. ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஜெயப்ரியா, நீங்க நடத்துங்க."

பதினோரு மணி.

ஏழு நாட்டு அறிஞர்களும் லேபில் குவிந்தார்கள். ஜெயப்ரியா புதுக் கயிற்றை மாட்டினாள். கூண்டுக் கதவை மூடினாள். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பட்டனை அழுத்தினாள்.

கயிறு விறைத்தது. திரையில் எண் ஏறியது. நானூறு... ஐந்நூறு... அறுநூறு...

பாப்பா கண்களை மூடிக்கொண்டாள். ஸ்டெபின் டையைக் கடித்தான்.

எழுநூறு...

டமார்!

கயிற்று முனை கூண்டில் மோதிய சத்தத்தில் ஒரு ஜப்பானியர் மேஜைக்கடியில் போய்விட்டார்.

"எழுநூத்திப் பத்து கிலோ!" என்று உரக்கச் சொன்னாள் ஜெயப்ரியா. 

 பிறகு கைதட்டல். ஜெர்மானியர் ஒருவர் பாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாப்பா அந்தக் கையைப் பார்த்தாள். முதல்முறையாக அழுதாள்.

இளமாறன் தொப்பியை மாட்டினார்.

"கிளம்பலாமா புரொபசர்? ஸ்டெபின் தம்பி, நீங்களும். ரெண்டு பேரையும் ஜீப்ல ஏத்துய்யா."

குப்புராஜ் தலையைச் சொறிந்தார்.

"சார்... அவசரத்துல விலங்கை ஸ்டேஷன்லயே விட்டுட்டு வந்துட்டேன். வழியில எகிறிக் குதிச்சு ஓடிட்டா பேஜாராயிடும். வெளிய ஸ்டால்ல இன்னும் நிறைய கயிறு இருக்கு. அதால கையைக் கட்டிடட்டுமா?"

இளமாறன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ்... அந்தக் கயித்தால கட்டறதுக்கு, ஆளுக்கொரு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கே அனுப்பிடலாம்யா!"