குடத்தை இறக்காமல் படிக்கும் செய்தி

முத்துமாரி எழுதிய செய்தியைப் படித்து முடிப்பதற்குள் சுடலை மாமாவின் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

மும்பை தாராவியில் அந்தச் சந்து முனை டீக்கடை அவருடையது. கடைச் சுவரில் தொங்கும் கரும்பலகையும் அவருடையதுதான். மாரியின் கையெழுத்து அழகாக இருக்கிறது, இனி தெருச் செய்திகளை அவளே எழுதட்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சாக்பீஸைக் கொடுத்தவரும் அவரே.

மாரியும் குறை வைக்கவில்லை. கதிரவன் பொற்கதிர் விரித்தான். குயில்கள் கூவின. கருணை உள்ளம் கொண்ட மருத்துவர்கள் வந்தார்கள். பலகையின் அடியில், இடம் போதாமல் எறும்பு வரிசை போல நெருக்கிய எழுத்தில், ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் இலவசக் கண் முகாம் என்று இருந்தது.

சந்திலிருந்து ஒருவரும் போகவில்லை.

பேகம் அத்தையும் போகவில்லை என்பதுதான் மாரிக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டு பேகம் அத்தை தையல் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் வைப்பவர். கொஞ்ச நாளாக, ஊசியில் நூல் கோக்கக்கூட மகள் அஃப்ஷாவைத்தான் கூப்பிடுகிறார்.

"போர்டுல எழுதியிருந்தேனேட்டி. உம்மாகிட்ட வாசிச்சுச் சொல்லலையா?" என்று மாரி தன் தோழியைக் கேட்டாள்.

"வாசிச்சேன்ட்டி. சூரியன் வந்துச்சு. குயில் வந்துச்சு. அதுக்குள்ள குழாய்ல தண்ணி வந்துருச்சு, ஓடிட்டேன்" என்றாள் அஃப்ஷா.

அவள் இந்திப் பள்ளியில் படிப்பவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அந்தச் சந்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். பெரியவர்களுக்கோ நின்று படிக்க நேரமில்லை.

மாரி மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அங்கே இங்கே விசாரித்தாள். அடுத்த முகாம் புதன்கிழமை செம்பூரில் என்று தெரிந்ததும் பேகம் அத்தையிடம் ஓடினாள். தனியாகக் கேட்டால் முதலாளி லீவு தரமாட்டார், கூடத்தில் வேலை செய்யும் சந்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டால் தருவார் என்றார் அத்தை.

"சந்து பூராம் போவுதுன்னா நானும் வாரேன், மாரி."

அப்படியானால் சந்து பூராவும் படிக்க வேண்டும். இந்த முறையும் படிக்காவிட்டால் பலகையில் வடை விலையை எழுதப்போவதாகச் சுடலை மாமா வேறு சொல்லியிருந்தார்.

மாரி புதிய செய்தியை எழுதிவிட்டு, குடத்தோடு வந்த அஃப்ஷாவைப் பிடித்தாள்.

"நடந்துக்கிட்டே வாசி. குடத்தை இறக்கக் கூடாது, நிக்கவும் கூடாது."

முதல் நடையில் அஃப்ஷா 'கருணை'யிலேயே கடையைத் தாண்டிவிட்டாள். மாரி ஈரத்துணியால் கருணையைத் துடைத்தாள். அடுத்த நடையில் 'மாபெரும்' போயிற்று. பிறகு 'சீரும் சிறப்புமாக'. எல்லாம் அவள் ஆசை ஆசையாகச் சேர்த்த சொற்கள். பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது.

கடைசியில் கோபம் வந்து எல்லாவற்றையும் அழித்தாள். 'இலவசக் கண்ணாடி. வாங்க' என்று மட்டும் எழுதினாள்.

அஃப்ஷா ஒரே மூச்சில் வாசித்துவிட்டாள். ஆனால் நாலடி போய்த் திரும்பினாள்.

"எங்க வர? எப்போ? கண்ணைப் பாக்கக் காசு கேப்பாங்களா?"

மாரியின் கை அப்படியே நின்றது. குயிலைப் பற்றி அவள் கேட்கவே இல்லையே! கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் என்ன?

கண் பரிசோதனை, கண்ணாடி இலவசம்.
புதன் காலை பத்து மணி.
செம்பூர் ஸ்டேஷன் எதிரே, கோயில் மண்டபம்.

அஃப்ஷா குடம் தளும்பாமல் நடந்தாள். கடையைத் தாண்டுமுன் வாசித்து முடித்தாள். சுடலை மாமா அன்று சூடாகவே டீ குடித்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "நம்ம பிள்ளை எழுதுனது, பாத்தீரா?" என்று பலகையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

பார்த்தவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். தையல் கூடத்துப் பெண்கள் கூட்டமாகப் போய் முதலாளி முன் நின்றார்கள். இத்தனை பேரை எதிர்த்து அவர் என்ன சொல்வார்? புதன்கிழமை செம்பூர் பஸ்ஸில் பாதி அந்தச் சந்துதான்.

அன்று மாலை பேகம் அத்தை புதுக் கண்ணாடியோடு வந்தார். முதல் வேலையாக, யாரையும் கூப்பிடாமல் ஊசியில் நூல் கோத்தார். பிறகு நேராகப் பலகைக்கு வந்தார். அதில் அன்றைய செய்தி இருந்தது.

கண் முகாமுக்கு நம் சந்தே போய் வந்தது.
பலருக்குக் கண்ணாடி கிடைத்தது.

அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். பலகையின் அடிப்பக்கம் வரை தேடினார்.

"இவ்வளவுதானா, மாரி? எவ்வளவு நல்லா எழுதுற. இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தா வாசிச்சுக்கிட்டே இருந்திருப்பேனே."

மாரியின் முகம் மலர்ந்தது. கை தானாகச் சாக்பீஸைத் தேடியது.

அஃப்ஷா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.