பயனுள்ள அசைவு

காலை ஐந்து மணிக்குப் பிருந்தாவின் கழுத்தெலும்புக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அங்கே பதித்திருந்த அசைவி, மருந்து விட்டு அசைவைக் கணக்கெடுக்கும் கருவி, திறந்துகொண்டது என்று அர்த்தம். சில நிமிடங்களில் விரல்கள் இளகும், பிறகு முழங்கை, பிறகு இடுப்பு. ஐந்தேகாலுக்கு அவள் தானாகவே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இட்லி, சட்னி, மதியத்துக்குச் சோறு, குழம்பு, பொரியல், இரண்டு டிபன் பாக்ஸ். அப்புறம் வாசல், பாத்திரம், துணி. ஏழு மணிக்கு மறுபடியும் 'டிக்'. அதற்குள் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். ஒருநாள் குக்கர் இன்னொரு விசில் விடட்டும் என்று காத்திருந்ததில், கையும் கரண்டியுமாக அடுப்படியிலேயே உறைந்துவிட்டாள். கணவன்தான் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

பார்க்கின்சனுக்கு மருந்தே இல்லாத காலம் அல்ல அது. மருந்து வந்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருந்தது. வசதியான நாடுகளில் நோயாளிகள் நாள் முழுக்க ஏற்றிக்கொண்டு டென்னிஸ் ஆடினார்கள். நம் பக்கம் வந்து சேர்ந்தது மிச்சம் மீதி. அதைப் பங்கு பிரித்ததில் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தேறியது. மீதி இருபத்தொரு மணி நேரம் மரக்கட்டை. இந்தத் திட்டத்துக்கு 'அசைவுரிமை' என்று பெயர். பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

எந்த மூன்று மணி நேரம் என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப வேண்டியவர் காப்பாளர். நோயாளிக்குக் கை நடுங்கும், எழுத வராது என்று யாரோ ஓர் அதிகாரி கருணையோடு யோசித்திருக்கிறார். பிருந்தாவின் காப்பாளரான மோகன்ராஜ் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் கேட்டு நிரப்பினான். மாலை நேரம் சப்பாத்திக்கு.

மோகன்ராஜ் கெட்டவன் இல்லை. பெருந்துறையில் அவர்கள் தெருவில் அவனுக்கு ரொம்ப நல்ல பெயர். மதியம் பனியன் கம்பெனியிலிருந்து ஓடிவந்து அவளுக்கு ஊட்டிவிடுவான், வாய் துடைப்பான், துணி மாற்றுவான். "கட்டுனா இப்படி ஒரு மனுசனைக் கட்டோணும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளால் ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையாட்ட முடியாது.

பகல் பதினோரு மணிக்கு ரெஹானா வருவாள். இருவரும் பத்தொன்பது வருடம் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தவர்கள். ரெஹானாவுக்கு இப்போது ராத்திரி ஷிப்ட். தூங்கி எழுந்து அவள் வரும் நேரம் பதினொன்றுதான். வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சூப்பர்வைசரைத் திட்டுவாள், மருமகளைத் திட்டுவாள், தானே சிரித்துக்கொள்வாள். பிருந்தாவின் தொண்டையிலிருந்து காற்றுதான் வரும். "சரி, நீ தூங்கு" என்று ரெஹானா எழுந்துபோவாள். பிருந்தா தூங்கவே இல்லை. பதில் முழுக்க வாய்க்குள் கிடந்தது. வர வர ரெஹானா சீக்கிரமாகவே எழுந்துபோனாள். மூன்றில் ஒரு மணி நேரம் பதினோரு மணிக்குக் கிடைத்தால் போதும், பிருந்தாவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

திட்ட ஊழியர் ஹர்ஷிதா வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வருவாள். அந்த முறை காலை ஆறு மணிக்கு வந்தாள். பிருந்தா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"சூப்பரா இருக்கீங்களேக்கா! இந்த ஏரியாவுலயே உங்க ரிப்போர்ட்தான் பெஸ்ட்டு."

"கண்ணு, ஒரு மணி நேரத்தை மாத்திக் குடுப்பியா? பதினொன்னுல இருந்து பன்னெண்டு."

"எதுக்குங்கக்கா?"

"பேசறதுக்கு."

ஹர்ஷிதா கையிலிருந்த திரைப்பலகையில் தேடினாள். அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை. "காப்பாளர் சரின்னு சொன்னா மாத்திரலாமுங்க" என்று மோகன்ராஜைப் பார்த்தாள்.

"ஊமையாட்ட இருக்கறவளைப் பேச வெக்க எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா?" என்றான் அவன். குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. "ஆனா காலையில ஒரு மணி நேரம் கொறஞ்சா சோறு யாருங்க ஆக்கறது? நானும் பையனும் எட்டு மணிக்கு வெளிய போகோணும். வேலை செய்யறதுதான் இவளுக்கும் நல்லது. பாருங்க, எப்படி இருக்கறா."

ஹர்ஷிதா பார்த்தாள். 'திருப்தி' என்று பதிந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் 'டிக்' கேட்டது. உடம்பு இளகியது. பிருந்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன, மருந்து ஏறலையா?" என்றான் மோகன்ராஜ்.

"ஏறிருச்சுங்க."

"அப்புறம்?"

"உக்காந்திருக்கறனுங்க."

முடியாமல் உட்கார்ந்திருப்பதும் வேண்டுமென்றே உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கால்மேல் கால் போட்டாள். காலை மாற்றிப் போட்டாள். அத்தனை சுகமாக இருந்தது. தகப்பனும் மகன் ஆதவும் கடையில் இட்லி வாங்கித் தின்றார்கள். அவன் கத்தினான், மாலையில் கெஞ்சினான், மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் காலை, "சரி, பதினொன்னுக்கு எழுதிக் குடுக்கறேன், போதுமா?" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவள் வென்ற முதல் சண்டை அது.

அவன் சொன்னபடியே போனை எடுத்து அசைவி செயலியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். திரை சிவப்பாக இருந்தது. 'மூன்றாம் நாளாகப் பயனுள்ள அசைவு இல்லை. மருந்துக்குப் பலனில்லை எனக் கருதி, நாளை முதல் ஒதுக்கீடு அடுத்தவருக்கு மாற்றப்படும். நேர மாற்றம் கோர இயலாது.'

அவன் பதறி ஹர்ஷிதாவை அழைத்தான். பிருந்தா போனை வாங்கிப் பேசினாள்.

"எனக்குப் பலன் இருக்குது கண்ணு. நான்தான் எந்திரிக்கல."

"மெஷினுக்கு அது தெரியாதுங்கக்கா. இன்னைக்கு ஏழு மணிக்குள்ள எதாச்சும் செய்யுங்க."

"தெருவுல நாலு சுத்து நடந்துட்டு வரட்டுமா?"

"நடந்தா ஓய்வுன்னு எழுதிக்கும். அரிசி களையறது, கூட்டறது, துணி பிழியறது, அந்த மாதிரி... அப்புறம் அக்கா, நேரத்தை மாத்தறதையும் மறந்துருங்க. ஒருக்கா சிவப்பு வந்துட்டா ஒரு வருசத்துக்குத் தொட முடியாதுங்க."

பிருந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறே கால். ஒரு கணம், போனால் போகட்டும் என்றிருந்தது. யாரோ ஒருத்தி நடமாடட்டும்.

"எனக்கு அடுத்து யாரு கண்ணு?"

"கவுந்தப்பாடியில ஒரு அக்காங்க. ரெண்டு வருசமாப் படுத்த படுக்கை. அவங்க வீட்டுக்காரரு படிவமெல்லாம் ரெடியா குடுத்துட்டாரு."

"எத்தனை மணிக்குக் கேட்டிருக்கறாரு?"

ஹர்ஷிதா பலகையைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"காலையில அஞ்சு மணிங்கக்கா."

பிருந்தா போனை மேசைமேல் வைத்தாள். எழுந்து போய் அரிசியை அளந்து, பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் விட்டாள். களையும் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை ஒழுங்காக வேலை செய்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே களைந்தாள், நிறுத்தவில்லை.

கூடத்தில் போன் 'டிங்' என்றது. திரை பச்சையானதும் மோகன்ராஜ் உரக்கக் கூப்பிட்டான்.

"டேய் ஆதவ், எந்திரிச்சு வா! அம்மாளுக்குச் சரியாயிருச்சுடா!"