மஞ்சள் ஜாக்கெட் வரும் வரை

கண்ணாடியில் தெரிந்த விளக்கு குலுங்கவில்லை.

முதலில் ஐனாருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பின்னால் ஹென்னிங் வருகிறான், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எண்ணிக்கொண்டான். மரம் ஏற்றும் லாரிகள் உழுது போட்ட சரளைக்கல் பாதை அது. பைக்கின் கைப்பிடி அதிர்ந்தது, கடைவாய்ப் பல் அதிர்ந்தது, கண்ணாடிக்குள் ஊசியிலைக் காடே ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. அந்த நடுக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, சுவரில் அறைந்த ஆணிபோல் அசையாமல் நின்றது. அறுபது மீட்டர் பின்னால். வேகத்தைக் குறைத்தான். அறுபது மீட்டர். கூட்டினான். அதே அறுபது.

விளக்கை மாற்றியிருப்பான், விலை கூடினதாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பயணத் திட்டம் லென்னார்ட்டுடையது. நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் துணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவரிடம் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. நான்கு பைக்குகள் வடக்கே காட்டுக்குள் ஐந்து நாள் சுற்றிவர எட்டு மாதம், ஏழு கூட்டம், அறுபத்து நான்கு பக்கப் படக்காட்சி. கூட்டத்துக்குக் கூட்டம் இலவங்கப்பட்டை பன். பிளாஸ்டிக் உறையிட்ட விதிமுறை அட்டை ஆளுக்கொன்று. வழி மட்டும் யாருக்கும் தரப்படவில்லை. அது அவருடைய பைக்கில் மாட்டியிருந்த வழிகாட்டும் கருவிக்குள் ‘லென்னார்ட் பாதை’ என்ற பெயரில் பத்திரமாக இருந்தது.

“ஒரு குழுவுக்கு ஒரு மூளை போதும்” என்பார்.

“அந்த ஒண்ணு எப்ப வரும், தலைவரே?” என்பாள் சிக்னே. பிரசவ வார்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். யாருடைய அதிகாரத்துக்கும் மசிந்து பழக்கமில்லை.

அட்டையில் நான்காவது விதியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார். ஒவ்வொரு பிரிவிலும் தலைவருக்கு அடுத்து வருபவர் இறங்கி நின்று, திரும்ப வேண்டிய பக்கம் கை காட்ட வேண்டும். மற்றவர்கள் கடந்து போவார்கள். கடைசியாக வால் வரும். வாலாக வருபவர் மஞ்சள் ஜாக்கெட் போட்டிருப்பார். அந்த மஞ்சள் ஜாக்கெட் கண்ணில் பட்டு, அவர் கையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் நிற்பவர் கிளம்பலாம். அதுவரை வானம் இடிந்து விழுந்தாலும் நகரக்கூடாது.

அந்தத் தடித்த எழுத்து ஐனாருக்காகவே அச்சானது. போன கோடையில், இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் தெற்கே, ஒரு பிரிவில் நாற்பது நிமிஷம் நின்றான். கொசு பிடுங்கியது. யாரும் வரவில்லை. காபி ஞாபகம் வந்தது. கிளம்பிவிட்டான். வாலாக வந்த ஹென்னிங் நேராகப் போய்ச் சதுப்பில் விழுந்தான். கால் மேல் பைக், கழுத்து வரை கறுப்புத் தண்ணீர், நான்கு மணி நேரம். இப்போதும் அவன் நொண்டித்தான் நடக்கிறான்.

ஆனால் ஹென்னிங் அவனைத் திட்டவே இல்லை. “முக்குல நீ நின்னுதான்டா இருந்த” என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி. “யாரோ நின்னு நேரா போன்னு கை காட்டினாங்க. அதைப் பாத்துதான் போனேன்.” நல்ல மனசு, குற்றத்தைப் பாதியாகக் குறைக்கப் பார்க்கிறான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அவசரத்தில் ஐனார் தன் தகரத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மெத்தென்ற மண்ணில் பைக்கின் சாய்வுக் கால் இறங்கிவிடும். அதன் அடியில் வைக்க ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். அவனுடையது ஹெர்ரிங் மீன் டப்பாவின் மூடி. ஆணியால் பெயர் கீறி, சிவப்புக் கயிறு கோத்தது. இன்று காலை பெட்ரோல் பங்கில் சாசேஜ் தின்றுகொண்டே ஹென்னிங் அதையும் விடவில்லை.

“தகரம் இல்லாம என்னத்தை வெச்சு நிப்பாட்டுவ? உன் வாக்குறுதியையா?”

“இந்த தடவை நகர மாட்டேன் ஹென்னிங். பாரு.”

“நீ நின்னா நான் வருவேன். அவ்ளோதான்.”

மதியம் மூன்று மணிக்கு மேல் ஐனார் அப்படித்தான் நின்றான். ஒரு மணி நேரத்துக்கு மேல். பிசின் வாசனை, அழுகிய பாசியின் வாசனை, காதுக்குள் கொசுக்களின் பஜனை. நகரவில்லை. ஒருவழியாக மரங்களுக்கிடையில் அந்த விளக்கு வந்தது. ஏனோ கிட்டே வரவில்லை, தள்ளியே நின்றது. விளக்குக்குப் பின்னால் மஞ்சள் தெரிந்தது. ஒரு கை மெதுவாக உயர்ந்தது. ஐனாருக்கு அழுகை முட்டியது. கிளம்பினான்.

பனிமான் வேலியின் கதவருகே லென்னார்ட்டும் சிக்னேயும் காத்திருந்தார்கள். மணி எட்டு. ஜூலையில் இங்கே சூரியன் படுக்கப் போவதையே மறந்துவிடும். எல்லாவற்றின் மீதும் நோயாளித் தோல்போல் ஒரு வெளிர்மஞ்சள் பூசியிருந்தது. ஐனார் இறங்கித் திரும்பிப் பார்த்தான்.

பாதையில் யாரும் இல்லை.

“இப்பதான் பின்னால வந்தான்” என்றான்.

சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற சிக்னேயின் கைபேசி கிணுகிணுத்தது. படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“ஹென்னிங்தான். செயின் அந்துபோச்சாம். ஒரு டிராக்டர்காரர் ஊருக்கு இழுத்துட்டுப் போறாராம். காத்திருக்க வேணாம்னு எழுதியிருக்கான்.” நிமிர்ந்தாள். “பன்னிரண்டே முக்காலுக்கு அனுப்பியிருக்கான், ஐனார்.”

ஐனார் மறுபடியும் பாதையைத் திரும்பிப் பார்த்தான்.

“வனத்துறை ஆளா இருக்கும்” என்றார் லென்னார்ட். “அவங்களும் மஞ்சள்தான் போடுவாங்க.”

“அவங்க எதுக்கு எனக்குக் கை காட்டணும்?”

“மரியாதைக்கு.”

சிக்னே அதற்குள் அவருடைய கருவியைத் தட்டிக்கொண்டிருந்தாள். “தலைவரே, உங்க பாதை ஏன் ஏரிக்குள்ள போய் முடியுது?”

தலைவரின் முகம் குடிநீர்க் குழாய் உடைந்த நாளின் நிறத்துக்கு வந்தது. எட்டு மாத ஆராய்ச்சி இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. பாதை அவருடையதல்ல, இணையத்தில் எவனோ ஏழு வருஷத்துக்கு முன் போட்டிருந்தான், பெயரை மட்டும் இவர் மாற்றினார். “கடைசிப் பிரிவுல அது இடது பக்கமா ஏரிக்குப் போகுது. நாம வலது. அதை நானே சேத்தேன்.”

“அந்த ஆள் ஏரியிலேர்ந்து எப்படித் திரும்பினான்?”

“நெட்டுல ஏத்தியிருக்கானே. திரும்பாம எப்படி ஏத்துவான்?”

“அது போகப் போகத் தானா ஏறும், தலைவரே.”

லென்னார்ட் தொண்டையைக் கனைத்தார். திரும்பிப் போக பெட்ரோல் காணாது, முன்னால் முப்பது கிலோமீட்டரில் தார்ச்சாலை என்று அறிவித்தார். அதில் பொய் இல்லை. பிறகு பெட்டியிலிருந்து உபரி மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்து, பதக்கம் அணிவிப்பவர்போல் ஐனாரின் தோளில் போட்டார்.

“விதி பதினொண்ணு. வால் இல்லாத குழு குழுவே இல்ல. சிக்னே முக்குல நிப்பா. நீதான் வால்.”

ஜாக்கெட் ஈரமாக இருந்தது. பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

சிக்னே ஹெல்மெட் மாட்டும் முன் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். “ஏய், பயப்படாதே. ஹெல்மெட் ஸ்பீக்கர்ல உன் காதுலயே பேசிட்டு வர்றேன். நான் உன்னை மாதிரி இல்ல, விட்டுட்டு காபி குடிக்கப் போக மாட்டேன். மஞ்சள் ஜாக்கெட்டைப் பாக்காம நகரவே மாட்டேன். சரியா?”

அவர்கள் போனார்கள். லென்னார்ட் எண்ணச் சொன்ன அறுபதையும் எண்ணிவிட்டு அவனும் கிளம்பினான். கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தான். மூன்று கிலோமீட்டர் தாக்குப்பிடித்தான்.

விளக்கு இருந்தது.

கண்ணாடி நடுங்கியது. காடு நடுங்கியது. அது நடுங்கவில்லை. இப்போது நாற்பது மீட்டர்.

சிக்னேயின் குரல் ஹெல்மெட்டுக்குள் விட்டுவிட்டு வந்தது. “...கொசு கடிச்சே கொல்லுது... எங்கடா இருக்க...” பதில் சொல்ல வாயைத் திறந்தான். கல்லில் முன்சக்கரம் துள்ளியது. வாய் மூடிக்கொண்டது. வேகத்தைக் கூட்டினான். பிரேக் சூடான நாற்றம். அதற்கு அடியில் பாசி நாற்றம். ஜாக்கெட்டிலிருந்து வருகிறது. முதுகில் சொட்டுகிறது.

பாதை பிரிந்தது. முக்கில் ஒரு பைக். பக்கத்தில் ஓர் ஆள், கை இடது பக்கம் நீட்டியபடி.

சிக்னே!

கத்திவிட்டான் சந்தோஷத்தில். கையை உயர்த்திக் காட்டிவிட்டு இடது பக்கம் திரும்பினான். கடக்கும்போதுதான் பார்த்தான். ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள் பாதி வரை தண்ணீர். நீட்டிய கையின் விரல்களிலிருந்து நீளநீளமாய்ப் பாசி.

“...வலது பக்கம், ஐனார்,” என்றது காதில் சிக்னேயின் குரல், இம்முறை தெளிவாக. “வேலிக்கு அடுத்த வலது. கொசுவுக்குப் பயந்து கொஞ்சம் உள்ள தள்ளி, இங்கதான் நிக்கிறேன்.”

பிரேக்கை அழுத்தினான். சக்கரம் வழுக்கியது. சதுப்பின் மேல் அடுக்கிய மரக்கட்டைகள். ஒரு பைக் அகலம். திரும்ப இடமில்லை. பின்னால் வெளிச்சம். பத்து மீட்டர். சத்தம் இல்லை. எஞ்சின் சத்தமே இல்லை. இறக்கம். தானாகவே போனது. கட்டைகள் முடிந்தன.

ஏரி.

எஞ்சின் நின்றது.

கறுப்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கரையிலிருந்து வரிசையாக, இடைவெளி விட்டு, அவர்கள் நின்றார்கள். முழங்கால் தண்ணீரில் ஒருவர். இடுப்பளவில் ஒருவர். மார்பளவில். அதற்கப்பால் ஹெல்மெட் மட்டும். அதற்கப்பால் நீட்டிய கை மட்டும். ஒவ்வொரு கையும் ஏரியின் நடுவைக் காட்டியது. யாரும் நகரவில்லை. கொசுகூட இல்லை அங்கே.

கரையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அந்த ஈரமண்ணில் ஒரு தகரம். ஹெர்ரிங் டப்பாவின் மூடி. சிவப்புக் கயிறு. அவன் பெயர்.

அவன் கால் சாய்வுக் காலைத் தட்டிவிட்டது. தகரத்தின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது அது. தோளிலிருந்து யாரோ ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். பொறுமையாக. ஒரு கைக்குப் பிறகு இன்னொரு கை.

விளக்கு திரும்பியது. மேட்டில் ஏறியது. வந்த வழியே போனது. குலுங்காமல்.

“சிக்னே,” என்றான். உதடு அசைந்தது. பேசும் பொத்தான் ஹெல்மெட்டின் வலது பக்கம். விரல் வைத்தால் போதும். வலது கையைத் தேடினான்.

அது ஏற்கெனவே உயர்ந்திருந்தது. தோளுக்கு நேராக. விறைப்பாக. தண்ணீரைக் காட்டியபடி.

“அப்பாடா,” என்றது காதில் சிக்னேயின் குரல், சிரிப்புடன். “விளக்கு தெரியுது. ஏய், ஏன் அங்கயே நின்னுட்ட? சரி சரி, கை காட்டினதைப் பாத்துட்டேன். கிளம்பறேன். பின்னாலயே வா.”