எடுத்தது எடுத்த இடத்தில்

‘வங்கிக் கொள்ளை. புதியவர்களுக்கு. மிக மிக எளிது!’

வாசலில் இருந்த அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் க்ளூ அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூட்டிய அறையிலிருந்து தப்பிக்கும் ஆட்டம் நடத்தும் அந்த எஸ்கேப் ரூமில் அவளுக்கு அதுதான் பெயர். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கேமராவில் ஆட்டக்காரர்களைப் பார்த்து, முழிக்கிறவர்களுக்கு மைக்கில் க்ளூ கொடுப்பது வேலை. ஆட்டமும் சப்பைதான். ஒரு மணி நேரத்துக்குள் நாலு பூட்டுகளைத் திறந்து, பெட்டகத்துக்குள் நுழைந்து, தங்கக் கலர் அடித்த மரக்கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும். எப்போதோ மூடிவிட்ட ஒரு நிஜ வங்கியைப் பிடித்து, அதன் பெட்டகக் கதவைக்கூடக் கழற்றாமல், பூட்டை மட்டும் எடுத்துவிட்டு முதலாளி தொடங்கிய கடை.

பதினேழு குழுக்கள் வந்துவிட்டன. ஒன்றுகூட நேரத்துக்குள் வெளியே வரவில்லை.

“இன்னிக்கும் யாரும் ஜெயிக்கலைன்னா ரூமை மூடிடறேன். நீயும் வேற இடம் பாத்துக்கம்மா” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் முதலாளி.

மதியம் மூன்று மணிக்கு வந்தது பதினெட்டாவது குழு. ஒரு கணவன், மனைவி, மனைவியின் தொந்தி அண்ணன்.

“மாப்ளே, திருடவாவது முன்னாடி போங்க” என்று சிரித்துக்கொண்டே அண்ணன் உள்ளே தள்ளினார்.

கணவன் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் சாவியைக் கண்டுபிடித்தான். மேசை இழுப்பறையைத் திறந்தான். அட, பரவாயில்லையே என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளேயிருந்த சீட்டை எடுத்து மனைவியிடம் நீட்டிவிட்டுத் திரும்பினால், இழுப்பறை பூட்டிக் கிடந்தது. சாவியைக் காணோம்.

“சாவி எங்கேங்க?”

“உன்கிட்டதானே குடுத்தேன்?”

“சீட்டைத்தான் குடுத்தீங்க. வீட்லயும் இதே கதைதான், எதை எங்கே வெச்சோம்னு தெரியாது!”

க்ளூ அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கேமராவைத் திருப்பினாள்.

சாவி கடிகாரத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பொருட்களைப் பழைய இடத்தில் வைப்பது அவள் வேலை. மூன்று வாரமாகப் பாதிப் பொருள் ஏற்கெனவே இடத்தில் இருந்தது. இந்த மண்டுகள் எதையுமே தொடவில்லை போல, நமக்கு வேலை மிச்சம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவர்கள் தொட்டிருக்கிறார்கள். வேறு யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் விடவில்லை. கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து இழுப்பறைச் சாவியை மறுபடி எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். அடுத்த சாவியைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். நாலு பூட்டும் திறந்தன. பெட்டகத்துக்குள் மூவரும் நுழைந்தபோது பதினோரு நிமிடம் மிச்சமிருந்தது.

ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்தது. தொப். தொப். முத்திரை குத்துகிற சத்தம். அந்த அறையில் முத்திரையே கிடையாது.

கண்ணாடி அறைக்குள் பழைய மையின் வாடை எழுந்தது.

திரையில், பெட்டகக் கதவின் விளிம்பில், ஒரு கை. பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை.

கைக்குப் பின்னால் ஆள் இல்லை.

கதவு மூடிக்கொண்டது.

அவள் ஓடினாள். பூட்டே இல்லாத கதவு, இழுத்தால் அசையவில்லை. உள்ளே மனைவி அலறினாள். “அக்கா! மூச்சு முட்டுது!”

பதினேழு குழுக்கள். இங்கே வேலை பார்த்த யாரோ ஒருவர் இன்னும் தன் வங்கியைக் காத்துக்கொண்டிருக்கிறார். சட்டென்று அவளுக்கு உறைத்தது.

“எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க!”

“அப்புறம் எப்படிம்மா ஜெயிக்கிறது?” என்றது அண்ணன் குரல்.

“ஐயோ, வைங்கண்ணே!”

மரக்கட்டிகள் அலமாரியில் உரசும் சத்தம். பிறகு, கதவு மெல்ல விலகியது. இரண்டு நிமிடம் மிச்சமிருக்கையில் மூவரும் வியர்வையில் நனைந்து வெளியே வந்து விழுந்தார்கள்.

“பாத்தியா? நேரத்துக்குள்ள வந்துட்டாங்க, அது போதும். ரூம்ல ஒண்ணும் கோளாறு இல்ல” என்று சத்தம் கேட்டு வந்த முதலாளி கை தட்டினார். அவள் வேலை தப்பியது.

மாலையில் அவள் மனமில்லாமல் பெட்டகத்துக்குள் போனாள். எல்லாம் இடத்தில் இருந்தன. அலமாரியில் பன்னிரண்டு கட்டிகள் இருக்க வேண்டும்.

பதினொன்று இருந்தன.

கடைக் கைப்பேசி அடித்தது. அந்த மனைவி.

“அக்கா, கதவு திறந்ததும் எங்கண்ணன் ஞாபகார்த்தமா இருக்கட்டும்னு ஒரு கட்டியைப் பையில போட்டுட்டு வந்துட்டார். திருப்பிக் குடுக்கத்தான் கிளம்பினோம். ஆனா...”

“ஆனா?”

“எங்க வீட்டு வாசக்கதவு உள்ளேருந்து திறக்கவே மாட்டேங்குதுக்கா.”

அவள் குரலுக்குப் பின்னால், நிதானமாக, தொப். தொப்.

தொடர்பு அறுந்தது. க்ளூ அக்காவின் தலைக்கு மேல், யாரும் பொத்தானை அழுத்தாமலே, ஆட்ட நேரத்தைக் காட்டும் சிவப்புக் கடிகாரம் உயிர்பெற்றது.

அறுபது நிமிடம். ஐம்பத்தொன்பது நிமிடம், ஐம்பத்தொன்பது விநாடி.