சதுக்கத்தில் இரண்டு பேர்

படத்தில் நின்றிருந்தது அவர்களுடைய கார்தான். சிவப்பு நிறம், கூரையில் மஞ்சள் பெட்டி, பின்கண்ணாடியில் மகள் ரோமி ஒட்டிவிட்டு நகத்தால் பாதி சுரண்டிய முயல் ஸ்டிக்கர். வெரேனா மடிக்கணினியை அருகே இழுத்துப் பார்த்தாள். அது லான்ஸெனாவ் ஊரின் சதுக்கம். இங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர். ஆனால் கார் கீழே வாசலில் அல்லவா நிற்கிறது? கணவன் கெர்னோட் அதன் பின்கதவை அறைந்து மூடிய சத்தம் இப்போதுதான் மாடிப்படி வழியாகக் கேட்டது.

மலைப்பக்கத்து ஊர்களில் சர்ச் கோபுரத்திலோ நகராட்சிக் கூரையிலோ ஒரு கேமரா இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் இணையத்தில் வரும். அதில் சாலையையும் பனியையும் பார்க்காமல் குளிர்காலத்தில் யாரும் வண்டியை எடுப்பதில்லை. வெரேனா அதற்கும் ஒரு படி மேலே. ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து வாரமாகத் திட்டம் போடுகிறவள். சமையலறை மேசை முழுக்க வரைபடம், அதில் மூன்று ஊர்களைச் சுற்றி மைவட்டம். முதலில் முட்டர்பாக், அடுத்து லான்ஸெனாவ், கடைசியில் கைல்டோர்ஃப். மூன்றிலும் விடுதிக்குச் சொல்லியாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் இது மூன்றாவது என்பதால், வாரத்துக்கு ஒன்றாக மேசை நடுவே மூன்று மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. உருகும் மெழுகின் வாசனையும் அடுப்பிலிருந்து எடுத்த வெண்ணெய் பிஸ்கட்டின் வாசனையும் கலந்து, ஜன்னல் இடுக்கில் நுழைந்த குளிரோடு சேர்ந்து அறைக்குள் சுற்றின. சுவருக்குள் வெந்நீர்க் குழாய் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. மணி நாலுதான். வெளியே அதற்குள் இருட்டிவிட்டது.

கையுறை எடுக்க கெர்னோட் மேலே வந்தான். பின்னாலேயே ரோமி, வாய் நிறைய பிஸ்கட். ஆறு வயது.

"சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி மாட்டிப் பழகிட்டு வரோம். போன வருஷம் மாதிரி நடுரோட்ல நின்னு நீ என்னைத் திட்ட வேணாம் பாரு."

"அப்பாவுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கப் போறேன்," என்றாள் ரோமி.

"இங்க வா, கெர்னோட். இது நம்ம கார்தானே?"

அவன் குனிந்து பார்த்தான். காரின் அருகே மூன்று உருவங்கள். இரண்டு பெரிது, ஒன்று சிறிது. "சிவப்புக் கார் ஊருக்கு நூறு இருக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? திட்டம் போட்டுப் போட்டே உனக்கு மூளை குழம்பிடுச்சு, ரேனா."

"முயல்?"

"முயல் ஒட்டாத பிள்ளை எந்த வீட்ல இருக்கு?"

இருவரும் படியிறங்கினார்கள். மூன்று மாடிக்கும் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வெரேனா அடுத்த ஊரைத் திறந்தாள். கைல்டோர்ஃப். அதே கார். ஆனால் இங்கே இரண்டு பேர்தான். சதுக்கத்தின் நடுவில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தலைகுனிந்து பனியில் ஓரிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் அந்தக் குளிரில் கோட்டு போடவில்லை. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை மட்டும். வெரேனா குனிந்து, தான் போட்டிருந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் பார்த்தாள். அந்தச் சிறிய உருவம் எங்கே?

பத்து நிமிடம் காத்திருந்தாள். புதிய படம் வந்தது. இருவரும் அசையவே இல்லை. தோளில் பனி கூடியிருந்தது, அவ்வளவுதான்.

இது பைத்தியக்காரத்தனம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கைல்டோர்ஃப் விடுதிக்குப் போன் போட்டு வரவில்லை என்றாள்.

"அடடா! பாப்பாவுக்குச் சின்னக் கட்டில்கூடப் போட்டு வெச்சுட்டேனே," என்றாள் விடுதிக்காரி. "யாருக்காச்சும் உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

"இல்லைங்க. கொஞ்சம் பிளான் மாறிடுச்சு."

அடுத்த படத்தில் கைல்டோர்ஃப் சதுக்கம் காலியாக இருந்தது. பனியும் விளக்கும் மட்டும். வெரேனாவுக்கு மூச்சு வந்தது. உடனே லான்ஸெனாவைத் திறந்து பார்த்தாள்.

அங்கே இப்போது இரண்டு பேர்தான். தலைகுனிந்தபடி.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஓர் ஊரை வெட்டினால் அது முந்தைய ஊருக்கு வந்துவிடுகிறது. கீழே சங்கிலி குலுங்கும் சத்தமும் இடையிடையே ரோமியின் சிரிப்பும் மாடிப்படி வழியாக வந்துகொண்டிருந்தன. அந்தச் சிரிப்பு கேட்கும் வரை அவளுக்குத் தைரியம் இருந்தது. எது நடந்தாலும் வழியில்தானே நடக்கும்? போகாவிட்டால் போயிற்று. லான்ஸெனாவ் விடுதிக்கும் போன் போட்டாள்.

"பரவாயில்லைம்மா," என்றது ஒரு வயதான குரல். "ரெண்டு பேருக்குத்தானே சொல்லியிருந்தீங்க?"

"மூணு பேர். குழந்தை இருக்கா."

காகிதம் புரளும் சத்தம். "இங்க ரெண்டுன்னுதாம்மா எழுதியிருக்கு."

முட்டர்பாக்கைத் திறந்தாள். இரண்டு பேர். அங்கேயும் போன் போட்டு வேண்டாம் என்றாள். வரைபடத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். பயணமே கிடையாது. பத்து நிமிடம் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் பார்த்தாள். மூன்று ஊரும் காலி. சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டாள்.

அப்புறம்தான் தோன்றியது. இந்த ஊரிலும் ஒரு கேமரா இருக்கிறது. தன் வீட்டு வாசலிலேயே இருக்கும் சதுக்கத்தை யார் கேமராவில் பார்ப்பார்கள்? அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

திறந்தாள்.

சிவப்புக் கார். அவர்கள் வீட்டு வாசல். சதுக்கத்தின் நடுவில் இரண்டு பேர். படத்தின் ஓரத்தில் நேரம், நாலு ஐம்பது. சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பத்தேழு. இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.

சங்கிலிச் சத்தம் இப்போது இல்லை.

சமையலறை ஜன்னல் பின்பக்கம், ஆற்றைப் பார்த்தது. கெர்னோட்டுக்குப் போன் போட்டாள். அது பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்திலேயே அடித்தது.

ஓடினாள். கதவருகே நின்றாள். படத்தில் இருந்தவள் கோட்டு போடவில்லை. கோட்டு போட்டுக்கொண்டு போனால் அந்தப் படம் நடக்காது. ஆணியிலிருந்து கோட்டை இழுத்தாள். நாலு பொத்தான். விரல் வழுக்கியது. தப்பான ஓட்டை. கழற்றினாள். மறுபடி. கடைசிப் பொத்தான்.

படிகள். இரண்டாம் மாடி. முதல் மாடி. வாசல்.

சதுக்கத்தின் நடுவில் கெர்னோட் நின்றிருந்தான். கையில் சங்கிலி. தலைகுனிந்தபடி.

"ரோமி எங்க?"

"இங்கதான்... பேசிக்கிட்டேதான் இருந்தா. நான் குனிஞ்சு கொக்கியை மாட்டினேன். நிமிர்ந்தா... ஒரு நிமிஷம்கூட ஆகல, ரேனா. இப்பதான்."

ஒரு நிமிஷம். வெரேனாவின் கை தானாகக் கோட்டின் பொத்தான்களைத் தொட்டது. அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

காரிலிருந்து சிறிய பூட்ஸ் தடங்கள் நேராக அங்கே வந்திருந்தன. அங்கே இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், யாரோ கூப்பிட்டு நின்றதுபோல. அதற்கப்பால் எந்தப் பக்கமும் பனி கலையவில்லை. திரும்பிய தடம் இல்லை. விழுந்த தடம் இல்லை.

பனி பெய்ய ஆரம்பித்தது. தடங்களின் ஓரம் மெல்ல மழுங்கியது. வெரேனா மண்டியிட்டு, அவற்றின் மேல் ஒரு பனித்துகள்கூட விழாதபடி இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.