பஸ்ஸை ஒளித்து வைத்த தூண்

சிட்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கச் சாலையில் அவளே நிறுத்திய பொம்மை பஸ்ஸைக் காணோம்!

சிட்டுவின் அம்மா பாலங்களை வடிவமைப்பவர். பள்ளி விட்டதும் சிட்டு அம்மாவின் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். இன்று அங்கே மேசைமேல் ஒரு நெடுஞ்சாலையே இருந்தது. எல்லாம் அட்டையில் செய்தது. சாலைக்குக் குறுக்கே வெள்ளைப் பாலம். அதைத் தாண்டியதும் ஒரு பக்கச் சாலை வந்து சேரும். பாலத்தின் இரு பக்கமும், விரித்த சிறகுபோல் அகலமான தூண்கள். அந்தத் தூண்கள் என்றால் அம்மாவுக்கு உயிர்.

தலைமைப் பொறியாளர் வரும் நேரம். அவர் இன்று முடிவாகச் சரி என்றால்தான் பாலம் கட்டுவார்கள்.

சிட்டு மேசை விளிம்பில் தாடையை வைத்து, சிவப்புக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எழுந்து பார்த்தாள். பஸ் இருந்தது! குனிந்தாள். இல்லை! தூண் மறைத்தது.

'ஐயோ, காரில் வருகிறவர்களுக்கு பஸ் தெரியாதே!'

அம்மாவோ பாட்டை முணுமுணுத்தபடி தூணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால்?

"அம்மா, கொஞ்சம் கீழ உட்காரேன்."

"இப்பவா? அவர் வர்ற நேரம்டி!"

"ஒரே நிமிஷம். நீ கார் டிரைவர். நான் பஸ்."

அம்மா அலுத்துக்கொண்டே உட்கார்ந்து காரைத் தள்ளினார். "எங்கடி பஸ்ஸு?"

டொக்! தூணுக்குப் பின்னாலிருந்து வந்த பஸ் காரின் மூக்கில் இடித்தது.

அம்மா தூணையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டே பார்த்திருக்கோம்! ஒருத்தருக்கும் தோணலையே!"

அடுத்த நொடி, ஆசை ஆசையாகச் செய்த அந்தத் தூணைப் படக்கென்று பிடுங்கினார். சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாலம் ஒரு பக்கம் சாய்ந்தது. சாலையை விட்டுத் தள்ளி, சிட்டுவின் பென்சில் டப்பாவை வைத்து அவசரமாக முட்டுக் கொடுத்தார்.

அப்போது பார்த்துத் தலைமைப் பொறியாளர் உள்ளே வந்தார். அவர் கண் இரண்டும் பிதுங்கின.

"என்னம்மா இது! பாலத்துக்கு அடியில பென்சில் டப்பா?"

"மன்னிக்கணும் சார், தூண் வச்ச இடம் தப்பு. கீழ உட்காருங்க, காட்டறேன்."

தூண் பழைய இடத்துக்குப் போனது. அவர் முட்டி மடக்கி உட்கார்ந்து காரைத் தள்ளினார். டொக்!

"அடக் கடவுளே! நானும் போன மாசம் இதைப் பார்த்துட்டுப் பிரமாதம்னேனே!" அவருக்கு வியர்த்துவிட்டது. "டப்பா இருக்கற இடத்துல தூணை வைங்கம்மா."

அம்மா வைத்தார். சிட்டு பஸ்ஸை நகர்த்தினாள்.

தரையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள்: "அதோ பஸ்ஸு!"