மாதிரிப் படிவம்

கேட் கத்தவில்லை.

அந்த இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் விடவே கூடாது என்று அவர் வீட்டில் சட்டம் போட்டு வைத்திருந்தார். யார் தொட்டாலும் கீச்சென்று தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டும். கிடங்கு வாசலில் முப்பத்திரண்டு வருஷம் காவல் நின்ற மனிதர். கண்ணை ஏமாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். காதை ஏமாற்றியவன் எவனும் கிடையாது. மகள் வீட்டுக் கூடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வெளிப் பிள்ளைகள் ஆறு, பேத்தியோடு ஏழு. ஏழு தலைக்கும் அந்தக் கீச்சுச் சத்தம்தான் முதல் பூட்டு.

மதிய மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. ஈரப் பாயும் பவுடரும் புளித்த பாலும் ஃபினாயிலும் கலந்த வாடை கூடத்திலிருந்து வராந்தாவுக்கு வர, உள்ளே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் ‘டக்’ என்று இடித்துக்கொள்ள, அந்த ‘டக்’குக்குள் ஏழு பிள்ளைகளின் மூச்சும் ஏறி இறங்க, அவர் நாற்காலியில் சாய்ந்து வரிசையாகக் கிடந்த சின்னச் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது படியில் ஒருத்தி நின்றாள்.

குடை இல்லை. தலைமுடி காய்ந்திருந்தது. காலும் காய்ந்திருந்தது.

“குழந்தையச் சேர்க்கணும்” என்றாள்.

“கேட்டைத் திறந்தது யாரு?”

“திறந்துதானே இருந்துச்சு.”

இல்லை. தாழ் போட்டது அவர் கை. எழுந்து பார்த்தார். தாழ் போட்டபடியேதான் கிடந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மகள் வந்து, “உள்ள வாங்க” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மகளை அஜாக்கிரதைக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. யார் வந்தாலும் எடுத்த எடுப்பில் பிள்ளையை வாங்க மாட்டாள். முதலில் பேச்சு, பிறகு அடையாள அட்டை, தெரிந்தவர்கள் இரண்டு பேரின் போன் நம்பர், அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு பார்வை, கடைசியில் பிள்ளையை ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பது. கூட்டிப் போக வருகிறவரின் படம் கோப்பில் இல்லாவிட்டால் சொந்தப் பாட்டனே வந்து நின்றாலும் பிள்ளை படி தாண்டாது. இதிலெல்லாம் அவருக்குப் பெருமைதான். ஆனால் அவள் காகிதத்தைப் பார்க்கிறாள். ஆளைப் பார்ப்பதில்லை.

“குழந்தைக்கு என்ன வயசுங்க?” மகளின் குரல்.

வந்தவள் பாயில் தூங்கும் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் பாயில் பேத்தி சில்லு, இடது பக்கம் ஒருக்களித்து, கட்டைவிரல் வாயில். பார்வை அங்கே வந்து நின்றது.

“நாலுன்னு வெச்சுக்கலாம்.”

“வெச்சுக்கலாமா?” கதவருகில் நின்றிருந்த அவர் கேட்டேவிட்டார். “பெத்தவளுக்குத் தெரியாதா?”

“அப்பா!” மகள் பல்லைக் கடித்தாள். வந்தவளிடம் திரும்பிச் சிரித்து, காப்பகத்தின் படிவத்தை நீட்டினாள். நாற்பத்து மூன்று கேள்விகள். பிள்ளை எந்தப் பக்கம் திரும்பித் தூங்கும், எதற்குப் பயப்படும், உடம்பில் தழும்பு எங்கே, பிடித்த உடை எது, யாரை என்ன சொல்லிக் கூப்பிடும்.

“இவ்வளவு கேக்குறீங்க. எப்படி எழுதறதுன்னு தெரியல. யாராவது எழுதினது இருந்தா பாத்து எழுதிடுவேன்.”

இங்கேதான் தவறு நடந்தது. மற்ற பிள்ளைகளின் படிவத்தை வெளியாளுக்குக் காட்டக் கூடாது. மகள் போட்ட விதி, நல்ல விதி. அதனால் காட்டுவதற்கென்று தன் மகளுடையதையே எழுதி, படம் ஒட்டி, நகல்கள் எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வந்தவள் ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “இது போதும்” என்றாள்.

அவள் போனபோதும் கேட் கத்தவில்லை.

“அவ பிள்ள பேரைக்கூடச் சொல்லல, கவனிச்சியா?”

“எழுதித் தருவாங்கப்பா.”

“நம்ம பிள்ள ஜாதகத்தையே தூக்கிக் குடுத்துட்டியேம்மா.”

“மாதிரிக்குக் குடுத்தேன். போன தடவ ஒருத்தர் பாக்கெட்லேர்ந்து கையை எடுக்கலன்னு சட்டையப் பிடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அவருக்குக் கையே இல்லப்பா! அந்தப் பழி போகவே ஆறு மாசம் ஆச்சு. உங்க வேல கேட்டோட சரி.”

ஒரு தரம் தப்பாகக் குரைத்த நாய்க்குப் பிறகு வாயே இல்லை. மருமகனிடம் சொல்லலாமென்றால் அவர் வெளியூர் வேலை, மாதம் ஒரு தரம் வருவார், வந்தாலும் தூங்குவார்.

இரண்டாம் நாள் சமையலறையில் மிக்ஸி ஓடியது. அந்தச் சத்தம் கேட்டால் சில்லு எங்கிருந்தாலும் அலறிக்கொண்டு ஓடிவந்து அவர் மடியில் முகத்தைப் புதைக்கும். அவர் மடியைத் தயாராக விரித்து வைத்திருந்தார். அது வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பயம் தெளிஞ்சிடுச்சு, நல்லதுதானே” என்றாள் மகள்.

மூன்றாம் நாள் வலது பக்கம் திரும்பித் தூங்கியது. நான்காம் நாள் குளிப்பாட்டும்போது அவர் பார்த்தார். இடது முட்டியில் ஆணி கிழித்த தழும்பு, மருத்துவரே வாழ்நாளுக்கும் இருக்கும் என்ற தழும்பு, இல்லை. தோல் வெறுமையாக, புதுக் காகிதம் மாதிரி.

“சின்ன உடம்புப்பா. ஆறாதா?”

படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். அவள் சலித்துக்கொண்டே வாசித்தாள். மிக்ஸிக்குப் பயம். இடது பக்கம் தூங்கும். இடது முட்டியில் தழும்பு. அவர் விரல் விட்டு எண்ணினார். எழுதிக் கொடுத்தது ஒவ்வொன்றும் இங்கிருந்து போய்க்கொண்டிருந்தது.

“அவளுக்குப் போன் பண்ணு. வேண்டாம்னு சொல்லிடு.”

“என்ன காரணம் சொல்லட்டும்? எங்க குழந்தைக்கு மிக்ஸின்னா பயம் போச்சு, அதனால உங்களச் சேர்க்க மாட்டோம்னா?”

அவள் கேட்பது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு ஆத்திரம்.

அவர் நச்சரிப்பு தாங்காமல், வந்தவள் கொடுத்திருந்த இரண்டு நம்பருக்கும் மகள் போன் போட்டபோது ஸ்பீக்கரில் வைத்தாள். கரண்ட் போன நேரம்; கூடம் புழுங்கியது. முதலில் ஓர் ஆண் குரல், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரனாம். “நல்ல குழந்தை. தொந்தரவே இல்ல. இடது பக்கம் படுத்தா ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்காது.” அடுத்தது ஒரு கிழவி. “நல்ல குழந்தை. தொந்தரவே இல்ல. இடது பக்கம் படுத்தா ரெண்டு மணி நேரம்...” வேறு குரல்தான். மூச்சு விடும் இடம் மட்டும் ஒன்று. இரண்டு குரலுக்கும் பின்னால், தூரத்தில், ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுக்கு ஒரு ‘டக்’.

அவர் மேலே பார்த்தார். கூடத்து மின்விசிறி நின்றிருந்தது.

“பக்கத்து வீட்டுக்காரனுக்கு எப்படிம்மா தெரியும், பிள்ள எந்தப் பக்கம் தூங்கும்னு?”

“ஐயோ அப்பா, நான் அந்தம்மா வீட்டுக்கே போயிட்டு வந்துட்டேன். சுத்தமா இருக்கு. நம்ம கூடம் மாதிரியே பாய் போட்டு வெச்சிருக்காங்க.”

“பிள்ளையப் பாத்தியா?”

“தூங்கிட்டு இருந்துச்சு. சுவர்ப் பக்கம் முகம். எழுப்பியா பாக்க முடியும்?”

அன்று சாயங்காலம் சில்லு அவரை நேராகப் பார்த்தது. தாத்தா என்று சொல்லவில்லை. தெரியாத வீட்டில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தது. ஆனால் வெளியே விளையாடிவிட்டு வந்தபோது, வழக்கம்போல, தன் சின்னச் செருப்புகளைக் கழற்றி, வராந்தா மூலையில் கிடக்கும் அவருடைய பழைய காவல் பூட்ஸுக்குள் ஒன்றொன்றாக நுழைத்தது. மேலே கையால் தட்டிக்கொடுத்தது. செருப்பைத் தூங்கவைக்கிறதாம். நடக்கப் பழகிய நாளிலிருந்து செய்கிறது. மகளுக்குத் தெரியாது, செருப்பு எங்கே, செருப்பு எங்கே என்று தினமும் தேடுவாள். தெரியாததால் அந்தப் படிவத்திலும் இல்லை.

அது ஒன்றுதான் மிச்சம். அவர் அன்றிரவு பூட்ஸைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார்; காலையில் மறுபடி மூலையிலேயே வைத்தார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அந்தப் பெண் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். மழைக்கோட்டு, தலைமூடி, மூடிக்குள் இருட்டு. மகள் கோட்டைக் கழற்றினாள். மஞ்சள் கவுன், ஒரு பக்கம் பை வைத்தது. சில்லுவுக்குப் பிடித்த உடை என்று எழுதியிருந்த அதே கவுன்; சில்லுவும் அன்று அதைத்தான் போட்டிருந்தது.

“அட, ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி!” மகள் சிரித்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தார். மாதிரி இல்லை. அதே முகம். மூக்கு, முன்பல் சந்து, எல்லாம். ஒருவர் முகத்தை இன்னொருவர் கடன் கேட்டு வாங்கியதுபோல. முட்டியில் தழும்பு இருந்தது.

“ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க” என்றாள் மகள். வந்தவள் தலையாட்டிவிட்டு மழைக்குள் போனாள். அவர் கூடத்து வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை எடுக்கக் கூடாது. சிமிட்டக்கூடக் கூடாது. மழை கனத்தது. ஜன்னல் சாம்பல் நிறமானது. பாய்கள், தலைகள், ஈர வாடை. மின்விசிறி. டக். டக்.

கரண்ட் போனது.

“யாரும் எழுந்திரிக்காதீங்க செல்லங்களா, அம்மா விளக்கு எடுத்துட்டு வர்றேன்.”

இருட்டில் மூச்சுகளை எண்ணினார். ஏழு. எட்டு இருக்க வேண்டும். மறுபடி எண்ணினார். ஏழு. எதுவோ ஒன்று மூச்சு விடாமல் இருந்தது. பாயில் ஏதோ உரசியது. ஊர்ந்தது. உருண்டது. அவர் எழப் பார்த்தார். கால் மரத்துவிட்டது.

வெளிச்சம் வந்தது.

கடைசிப் பாயில் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. ஒன்று இடது பக்கம், கட்டைவிரல் வாயில். மற்றது வலது பக்கம். மகள் வந்தாள். இடது பக்கம் படுத்திருந்ததை அள்ளித் தோளில் போட்டு, “பயந்துட்டியாடி தங்கம்?” என்றாள். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “மிக்ஸி சத்தம் வரலையேம்மா” என்றது. சில்லுவின் குரல்தான்.

“அதை இறக்கு.”

“என்னப்பா?”

“அது நம்ம பிள்ள இல்ல. இறக்கும்மா அதை!”

“அப்பா, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

வாசலில் வந்தவள் நின்றாள். எப்போது வந்தாள்? மகள் கோப்பை எடுத்தாள். ஒழுங்காக, விதிப்படி. கூட்டிப் போகிறவர் படம் சரி. பிள்ளை படம் சரி. வலது பக்கம் படுத்திருந்த பிள்ளையை எழுப்பி, “அம்மா வந்துட்டாங்க பாரு, போயிட்டு வர்றியா?” என்று கன்னத்தைத் தட்டினாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் கன்னத்தை, ஊரார் பிள்ளையைத் தட்டுவதுபோல.

பிள்ளை நடந்து வராந்தாவுக்கு வந்தது. செருப்பு வரிசையைப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போய், பூட்ஸுக்குள் கைவிட்டு, தன் செருப்புகளை எடுத்தது. போட்டுக்கொண்டது. அவரைப் பார்த்தது.

“சில்லு!”

பாய்ந்து பிடித்தார். இரண்டு கையாலும் மார்போடு அணைத்தார். சின்ன நெஞ்சு அவர் நெஞ்சில் அடித்தது. “செருப்பைப் பாரும்மா! என் பூட்ஸைப் பாரு! இவளுக்குத்தான் தெரியும்!”

“யாரோட குழந்தையோ அது, விடுங்கப்பா! பயப்படுது பாருங்க!” மகள் அழுதாள். தோளில் இருந்ததைக் கீழே இறக்கிவிட்டு வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வலித்தது. அவளுக்கு இளவயசு, அவருக்கு இல்லை. கடைசி விரலும் பிரிந்தது; பிடி போன வேகத்தில் அவர் தரையில் விழுந்தார். “மன்னிச்சிடுங்க. அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் தடுமாறுது.”

“பரவாயில்ல” என்றாள் வந்தவள். “வயசானவங்க. பாவம்.”

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். மழை அவள்மேல் விழவில்லை. பிள்ளைமேல் விழுந்தது. மஞ்சள் கவுன் நனைந்து கறுத்தது. அது ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.

கேட் திறந்தது. மூடியது. கத்தவில்லை.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சில்லு செருப்பு எங்கே, செருப்பு எங்கே என்று தேடும் குரல் கேட்டது. பிறகு புதுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்து வந்து வராந்தாவில் போட்டுவிட்டு, அவரைப் பார்க்காமல் போனாள்.

அவர் தரையில் கிடந்தார். எழ முடியவில்லை.

கூடத்திலிருந்து அது வந்தது. தழும்பு முட்டி. கட்டைவிரலை வாயிலிருந்து எடுத்தது. புதுச் செருப்பில் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தது. மூலைக்கு நடந்தது. இடது பூட்ஸுக்குள் ஒன்று. வலது பூட்ஸுக்குள் ஒன்று. மேலே மெல்லத் தட்டிக்கொடுத்தது.

பிறகு, சரிதானா என்பதுபோல, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.